பழைய கதிரையில் ஏறி நின்று வாசிக்கப்பட்ட கடிதம்

1381 ஜூன் 13, வியாழக்கிழமை. லண்டன் எரிகிறது. 14 வயசு அரசன் இரண்டாம் ரிச்சட், லண்டன் கோட்டையின் ஒரு கோபுரத்தில் நின்று அதைப் பார்க்கிறான். மேற்குப் பக்கம் சித்தப்பா ஜோன் ஒஃப் கோன்ற்றின் சவோய் மாளிகை எரிகிறது. வடக்கே கிளார்க்கன்வெல்லில் புனித யோவான் சபையாரின் மடம் எரிகிறது. பக்கத்தில் நிற்கிற பிரபுக்களைக் கூப்பிட்டு இனி என்ன செய்யிறது எண்டு கேட்கிறான். ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கோட்டைக்கு வெளியே கென்ற், எசெக்ஸ் பகுதிகளில் இருந்து நடந்து வந்த சனம் நிற்கிறது. கடைசியில் எழுத்தர் ஒருவரைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்து, முத்திரை குத்தி, இரண்டு நைற்றுகளின் கையில் கொடுத்து அனுப்புகிறான். விசயம் இதுதான்: நீங்கள் செய்ததை மன்னிக்கிறேன், வீட்டுக்குப் போங்கோ, உங்கள் குறைகளை எழுத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கோ, ஆலோசகர்களோடு பேசி ஆவன செய்யிறேன்.

அந்தக் கடிதத்தை ஒருத்தன் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு பழைய கதிரையில் ஏறி நின்று வாசித்தான்.

கேட்ட சனம், இது வெறும் பகிடிக்கதை என்று சொல்லிவிட்டு நகருக்குள் திரும்பிப் போனது. போய் ஒரு அறிவித்தல் விட்டது. சட்டத்தரணிகள், அரச எழுத்தகத்து ஆக்கள், திறைசேரி ஆக்கள், ஆணையோ கடிதமோ எழுதத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் கண்ட இடத்தில் தலை போகும்.

அந்தக் கதிரை பழசு என்பதைக் கவனித்து வைத்தது யார்? இந்தக் காட்சியை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்த புத்தகத்துக்குப் பெயர் இல்லை. எழுதினவருக்கும் பெயர் இல்லை. பெயரில்லாத வரலாற்றேடு என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆய்வாளர்கள் வைத்த அடையாளமே இன்றைக்கு அதன் பெயராக நிலைத்துவிட்டது: அனொனிமால் குரோனிக்கிள். யோர்க் நகரத்தின் புனித மரியாள் மடத்தில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலோ-நோர்மன் பிரெஞ்சில் எழுதப்பட்டது. இப்போது லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில், பிரதர்ட்டன் தொகுப்பில் 29ஆம் இலக்கக் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறது.

இந்தப் பிரதியைப் பற்றி எங்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம் நடந்தது. ஒரு பக்கம் சொன்னது: மடத்துச் சாமியார் ஒருத்தர், ஆளுகிற வர்க்கத்தின் மொழியில், ஆளுகிற வர்க்கத்துக்காக எழுதிவைத்தது, இதை வைத்துக்கொண்டு ஒடுக்கப்பட்ட சனத்தின் வரலாறு கதைக்க ஏலாது. மற்றப் பக்கம் சொன்னது: 1381 பற்றிக் கிடைக்கிற விவரிப்புகளுக்குள்ளே இதுதான் ஆகத் துல்லியமானது எனப் பல வரலாற்றாசிரியர்கள் மதிக்கிறார்கள், அப்படியே நம்பலாம். எங்கள் கருத்து, இரண்டு பேரும் வாசிக்கிற வேலையைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்பது.

முதலில் மொழி விசயம். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கிட்டத்தட்ட முந்நூறு வருசம் அந்த நாட்டின் மேல்தட்டு பிரெஞ்சில்தான் இயங்கியது. கோயிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் லத்தீன். வயலில், சந்தையில் ஆங்கிலம். 1362இல் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது, சனத்துக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! ஆக, 1381இல் கென்ற்றிலிருந்து வந்த ஒருத்தன் ஆங்கிலத்தில் கத்தினதை யோர்க் மடத்தில் ஒருத்தர் பிரெஞ்சில் எழுதுகிறார். பிறகு அதைச் சாள்ஸ் ஓமன் 1906இல் நவீன ஆங்கிலத்துக்குத் திருப்புகிறார். நாங்கள் அதைத் தமிழில் கதைக்கிறோம். வற் ரைலரின் வாயிலிருந்து எங்கள் காதுக்கு வருவதற்கிடையில் அந்தச் சொற்கள் எத்தனை தரம் உடுப்பு மாற்றியிருக்கும் என்று பாருங்கோ.

ஆனால் ஒரு இடத்தில் மடத்துக்காரர் உடுப்பு மாற்றவில்லை. கிளர்ச்சிக்காரர் தங்களுக்குள் வைத்திருந்த அடையாளக் கேள்வியையும் மறுமொழியையும் எழுதும்போது, இது ஆங்கிலத்தில் இருந்தது என்று சொல்லிவிட்டு அந்த ஆங்கிலச் சொற்களை அப்படியே பிரெஞ்சு வசனத்துக்கு நடுவில் பதித்துவிடுகிறார். நீ யாருடைய பக்கம் என்பது கேள்வி. அரசர் ரிச்சட்டின் பக்கமும் உண்மையான பொதுசனத்தின் பக்கமும் என்பது மறுமொழி. அதைச் சொல்லத் தெரியாதவனுக்குத் தலை போகும். மொழிபெயர்த்தால் அது அடையாளச் சொல்லாக இராது என்பது எழுதினவருக்கு விளங்கியிருக்கிறது.

பொதுசனம் என்று நாங்கள் எழுதியதற்கு மூலத்தில் இருக்கிற சொல் 'கொம்யூன்'. இதில் எங்களுக்குச் சரியான ஈடுபாடு. இதே பிரதியில் ஐந்து வருசத்துக்கு முந்திய இன்னொரு பெரிய விவரிப்பு இருக்கிறது: 1376ஆம் ஆண்டின் 'நல்ல பாராளுமன்றம்'. மாவட்டங்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கூட்ட மண்டபத்தில் இருந்து, ஒருத்தர் மாறி ஒருத்தர் எழும்பி நடுவில் இருந்த வாசிப்புப் பீடத்துக்குப் போய்க் கதைக்கிறார்கள். அரசனின் ஆட்கள் அடித்த கொள்ளையைச் சொல்கிறார்கள். பீற்றர் டி லா மேர் என்பவரைத் தங்கள் சார்பில் பேசத் தெரிவுசெய்கிறார்கள். பாராளுமன்றச் சபாநாயகர் என்ற பதவியின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் வந்து நிற்கிற இடம் இது. சாதாரண உறுப்பினர்கள் உள்ளே இருந்து எப்படி விவாதித்தார்கள் என்று இவ்வளவு விவரமாகச் சொல்கிற ஏடு அதற்கு முதல் இல்லை. அங்கே அந்த உறுப்பினர்களுக்கும் 'கொம்யூன்' என்றுதான் பெயர். காணியும் காசும் உள்ள கனவான்களுக்கு ஒரு சொல், ஐந்து வருசத்தில் அதே சொல் தெருவில் கோடரியோடு நிற்கிற சனத்துக்கு.

இதை மற்ற ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சென்ற் ஓல்பன்ஸ் மடத்துத் தோமஸ் வோல்சிங்கம் லத்தீனில் எழுதினார். அவருடைய மடத்தையே குத்தகைக்காரர் முற்றுகையிட்டதால் அவருக்குக் கோபம் தலைக்கு மேல். அவருடைய எழுத்தில் கிளர்ச்சிக்காரர் நாட்டுப்புறத்து முரடர், பேய் பிடித்தவர். கவிஞர் ஜோன் கோவர் இன்னும் ஒரு படி மேலே போனார். லத்தீனில் எழுதிய நீண்ட கவிதை ஒன்றில் அவர்களைக் கழுதையாகவும் மாடாகவும் பன்றியாகவும் நாயாகவும் ஆக்கிவிட்டார். அனொனிமால் ஆசிரியரும் இவர்களுக்கு ஆதரவானவர் இல்லை, தீயவர்கள் என்று திட்டுகிற இடங்கள் உண்டு. ஆனாலும் 'கென்ற் பொதுசனம்', 'எசெக்ஸ் பொதுசனம்' என்று மனிசருக்குரிய பெயரைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்.

அவர் காரணத்தையும் சொல்கிறார். மற்றவர்கள் சாத்தானைக் காரணம் காட்டிய இடத்தில் இவர் வரியைக் காட்டுகிறார். 1377இல் தலைக்கு 4 பென்ஸ் வரி. 1380 கடைசியில் நோர்தாம்ற்றனில் கூடிய பாராளுமன்றம் அதை 12 பென்ஸ் ஆக்கியது. 15 வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும். 1348-49 கொள்ளைநோயில் சனத்தொகையில் பெரும் பங்கு செத்துப்போய், வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறப்பார்த்தபோது, 1351இல் சட்டம் போட்டுக் கூலியைப் பழைய மட்டத்தில் கட்டிவைத்தவர்கள்தான் இப்போது வரியை மூன்று மடங்காக்கினார்கள். வரி சரியாகச் சேரவில்லை என்று திரும்ப விசாரிக்க ஆணையாளரை அனுப்பினார்கள். எசெக்ஸின் பிரென்ற்வூட்டில் ஃபொபிங் கிராமத்துச் சனம், நாங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டோம், பற்றுச்சீட்டும் இருக்கிறது, இனி ஒரு பென்னியும் தரமாட்டோம் என்று சொன்னது. அங்கே தொடங்கியது.

பற்றுச்சீட்டு! திரும்பவும் கடதாசிதான். இந்த விசயத்தில் பொதுவாகச் சொல்லப்படுகிற கதை எங்களுக்குப் பிடிக்கவில்லை. எழுத்தறிவில்லாத சனம், அதனால் எழுத்தை வெறுத்தது, கண்ட ஆவணத்தையெல்லாம் எரித்தது என்பார்கள். லண்டனில் சட்டத்தரணிகளின் இடமான ரெம்பிளில் இருந்த சுருள்களையும் புத்தகங்களையும் தெருவில் போட்டு எரித்தார்கள், உண்மை. கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தின் பட்டயங்களைச் சந்தைவெளியில் எரித்தார்கள். ஊர் ஊராகப் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடி எரித்தார்கள். ஆனால் அந்தச் சுருள்களில் என்ன இருந்தது? இன்னார் பண்ணையடிமை, இன்னாரின் தகப்பனும் பண்ணையடிமை, மகளைக் கட்டிக்கொடுக்க இவ்வளவு காசு கட்டவேண்டும், ஆண்டையின் வயலில் இத்தனை நாள் வேலை செய்யவேண்டும் என்பதற்கான சாட்சி அதுதான். அதை எரித்தால் அடிமைத்தனத்துக்கு ஆதாரம் இல்லை. இதைச் செய்தவர்களுக்கு எழுத்து என்ன செய்யும் என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை மைல் எண்டில் அரசன் நேரே வந்தபோது அவர்கள் கேட்டது என்ன? எழுத்தில் தா என்றுதான். இனி ஒருத்தரும் பண்ணையடிமை இல்லை என்று முத்திரை வைத்த பட்டயம். அரசன் கொடுக்கவும் செய்தான், எழுத்தர்கள் இருந்து எழுதினார்கள். எசெக்ஸ்காரர் கனபேர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஜூலை 2ஆம் தேதி அத்தனை பட்டயங்களும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கதிரையில் ஏறி நின்று வாசித்த கடிதத்தைப் பகிடி என்று சொன்னவர்கள் அவ்வளவு மொக்கர் இல்லை.

சரி, இனி மற்றப் பக்கம். கிளர்ச்சியைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பிரதியின் ஒரு வசனத்தைத் தாண்டி ஓடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே வெள்ளிக்கிழமை, கோட்டைக்குள்ளே நுழைந்து கன்ரபெரிப் பேராயர் சைமன் சட்பரியையும் திறைசேரித் தலைவர் றொபேட் ஹேல்ஸையும் இழுத்துக்கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அது பழி தீர்த்தது, அரசியல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விண்ட்ரி என்ற பகுதியில் சென்ற் மார்ட்டின் கோயிலுக்குள் ஒளிந்திருந்த 35 ஃபிளெமிஷ்காரரை வெளியே இழுத்துத் தெருவில் தலையை வெட்டினார்கள் என்று அதே பிரதி சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து லண்டனில் குடியிருந்தவர்கள் அவர்கள். வரியை விதித்தது அவர்கள் இல்லை. வேற்று மொழிக்காரர் என்பதைவிட அவர்கள் செய்த பிழை என்ன? இதை எழுதியவர் கிளர்ச்சிக்கு எதிரானவர், ஆகவே கூட்டி எழுதியிருப்பார் என்று எங்களில் ஒருத்தர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம். ஆனால் ஃபிளெமிஷ்காரர் கொல்லப்பட்டதை வேறு ஏடுகளும் சொல்கின்றன. வற் ரைலரின் கோரிக்கைகளை இந்தப் பிரதியை நம்பித்தான் எடுத்துச் சொல்கிறோம், இந்தக் கொலைகளுக்கு மட்டும் இதை நம்பமாட்டோம் என்பது வாசிப்பு இல்லை.

எதிராகவும் பாருங்கோ. சவோய் மாளிகையை எரித்த பழி கென்ற்காரரின் தலையில் விழுந்தது, ஆனால் ஜோன் ஒஃப் கோன்ற்றில் இருந்த வெறுப்பால் லண்டன்காரர்தான் அதைச் செய்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள் என்றும் எழுதிவைக்கிறார் இந்த ஆசிரியர். கிளர்ச்சிக்காரருக்குச் சாதகமான தகவல் அது. அவர் அதை விட்டுவிட்டிருக்கலாம், விடவில்லை. யோர்க்கில் இருந்துகொண்டு லண்டன் தெருக்களை இப்படி எழுத முடியாது. நேரில் கண்ட ஒருவர் லண்டனில் எழுதிய குறிப்பு ஒன்று மடத்துக்கு வந்து, ஏட்டுக்குள்ளே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் எண்ணம்.

நேரில் கண்டவரின் கண் ஆக நன்றாகத் தெரிவது சனிக்கிழமை ஸ்மித்ஃபீல்டில். ரைலர் ஒரு சின்னக் குதிரையில் வருகிறான். இறங்கி, அரைவாசி முழங்கால் மடித்து, அரசனின் கையைப் பிடித்துப் பலமாகக் குலுக்கி, சகோதரன் என்று கூப்பிடுகிறான். வாற பதினைந்து நாளில் இன்னும் நாற்பதாயிரம் பேர் உன் பக்கம் வருவார்கள், சந்தோசமாய் இரு என்கிறான். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்ட அரசனுக்குக் கோரிக்கைகளைச் சொல்கிறான். வின்செஸ்ரர் சட்டத்தைத் தவிர வேறு சட்டம் வேண்டாம் (அது எந்தச் சட்டம் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள்). அரசனைத் தவிர ஒருத்தருக்கும் ஆண்டைத்தனம் வேண்டாம். கோயில் சொத்துக்களில் குருமாரின் சாப்பாட்டுக்குத் தேவையானதை விட்டு மிச்சத்தைச் சனத்துக்குப் பிரித்துக் கொடு. முழு நாட்டுக்கும் ஒரே ஒரு ஆயர் போதும். பண்ணையடிமை என்று இனி ஒருத்தரும் இருக்கக்கூடாது, எல்லாரும் ஒரே நிலை. கோயில் சொத்தில் சாப்பிடுகிற ஒரு மடம், தன் சொத்தைப் பிரிக்கச் சொன்ன கோரிக்கையை ஒவ்வொன்றாக எழுதிப் பாதுகாத்து வைத்திருக்கிறது. எங்களுக்கு இந்தப் புத்தகத்தில் ஆகப் பெரிய ஆச்சரியம் அதுதான்.

பிறகு அவன் வாய் கொப்பளிக்கத் தண்ணி கேட்கிறான், கொப்பளிக்கிறான், பியர் வாங்கிக் குடிக்கிறான், எல்லாம் அரசனுக்கு முன்னால். இது அருவருப்பான நடத்தை என்று ஆசிரியர் முகம் சுளிக்கிறார். அரசனின் கூட்டத்திலிருந்து ஒரு கென்ற்காரன், கென்ற்றிலேயே பெரிய கள்ளன் இவன்தான் என்று கத்துகிறான். ரைலர் கத்தியை எடுக்கிறான். நகரபிதா வில்லியம் வோல்வேர்த் குறுக்கே வருகிறார். ரைலர் குத்துகிறான், ஆனால் நகரபிதா உடுப்புக்குக் கீழே கவசம் போட்டிருந்ததால் காயம் இல்லை. நகரபிதா கழுத்திலும் தலையிலும் வெட்டுகிறார், இன்னொருவன் வாளால் குத்துகிறான். ரைலர் குதிரையில் எண்பது காலடி தூரம் போய் விழுகிறான். பக்கத்தில் இருந்த வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நகரபிதா அங்கே போய், கிடந்தவனை வெளியே கொண்டுவந்து தலையை வெட்டுவிக்கிறார். அமைதிப் பேச்சுக்கு வரும் நகரபிதா உடுப்புக்குக் கீழே ஏன் கவசம் போட்டுக்கொண்டு வந்தார்? ஆசிரியர் அதைக் கேள்வியாக்கவில்லை. கண்டதை எழுதிவிட்டுப் போகிறார். கேள்வியை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி இந்தப் பிரதி எப்படித் தப்பியது என்ற கதை. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் யோர்க் மடத்தை மூடினார்கள். கோயில் சொத்தைப் பிரி என்று ரைலர் கேட்டு 158 வருசத்துக்குப் பிறகு ஒரு அரசன் அதைச் செய்தான், சனத்துக்கு இல்லை, தனக்கு. மடத்து நூலகங்கள் நாடு முழுக்கச் சிதறின. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஜோன் ஸ்ரோ என்ற லண்டன் வரலாற்றாசிரியரும் ஃபிரான்சிஸ் தின் என்ற ஆய்வாளரும் இந்த ஏட்டைக் கண்டு பயன்படுத்தினார்கள். தின் 1381 பகுதியைக் கையால் பிரதியெடுத்து வைத்தார். பிறகு மூலம் அறிஞர்களின் கண்ணிலிருந்து மறைந்துபோனது. மூன்று நூற்றாண்டுகள்! தின்னின் பிரதி மட்டும் கைமாறிக் கைமாறி பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1898இல் இளம் வரலாற்றாசிரியர் ஜி. எம். ரெவலியன் அதை அச்சில் வெளியிட்டார். அதற்கு முதல் வோல்சிங்கத்தின் கோபத்தையும் ஃபுரோசார்ட்டின் நாடகத்தையும் வைத்துத்தான் பெரும்பாலும் 1381 எழுதப்பட்டது.

மூலம் எங்கே இருந்தது? யோர்க்ஷயரில், ரிப்ளி கோட்டை என்ற வீட்டில், இங்கில்பி குடும்பத்தின் புத்தகங்களுக்குள்ளே.  வி. எச். கல்பிரெய்த் 1333 முதல் 1381 வரையான பகுதியைப் பதிப்பித்து 1927இல் வெளியிட்டார். பிறகு அது லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்ட்டன் தொகுப்புக்குச் சேர்ந்தது.

இதில் நன்றி சொல்ல வேண்டிய ஆள் யார் என்று கேட்டால் நாங்கள் தின் என்போம். பிரபுக் குடும்பம் காப்பாற்றியது என்று பெருமையாக எழுதுகிறவர்கள் உண்டு. காப்பாற்றியது சரி. ஆனால் பூட்டின அலுமாரிக்குள் இருக்கிற ஏடு கரையான் தின்னாத ஏடு, அவ்வளவுதான். தின் இருந்து கையால் எழுதினதால்தான் ரெவலியனுக்கு அது கிடைத்தது, ஓமன் அதை மொழிபெயர்த்தார், கல்பிரெய்த் மூலத்தைக் கண்டபோது இன்னது இது என்று அடையாளம் தெரிந்தது. பாதுகாக்கிறதும் பிரதியெடுத்து மற்றவன் கையில் கொடுக்கிறதும் வேறு வேறு வேலை. இரண்டாவதைச் செய்கிறவர்களுக்குச் சிலை வைப்பது இல்லை.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு: ஆர். பி. டொப்சன் 1970இல் தொகுத்த 1381 ஆவணத் திரட்டில் அனொனிமால், வோல்சிங்கம், ஃபுரோசார்ட் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒன்றாக இருக்கின்றன. ஸ்மித்ஃபீல்ட் பகுதியை மட்டும் எடுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ரைலர் தண்ணி கேட்கிற இடத்தில் ஒருக்கா நில்லுங்கோ. மரியாதை தெரியாதவன் என்று திட்டுகிற அதே இடத்தில், அவனுக்குச் சரியான வெக்கை என்றும் ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.